ஒரே வைரஸின் மின்னூட்டத்துக்கு ஆளுக்கொரு எண்ணைச் சொல்வது ஏன்? கரைசலில் அதை எப்படி அளக்கிறார்கள்?

கூழ்மத் துகள்களை, அதாவது நீர்மத்தில் மிதக்கும் நுண்துகள்களை, அளப்பதே என் அன்றாட வேலை என்பதால், இந்தக் கேள்விக்கு ஆய்வகப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். எந்தக் கரைசலில் அளந்தது என்று குறிப்பிடாமல் வைரஸின் மின்னூட்டத்தை மட்டும் சொல்வதில் பொருளில்லை.

எ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் எம்எஸ்2 வைரஸை எடுத்துக்கொள்வோம். விட்டம் ஏறத்தாழ 27 நானோமீட்டர். உள்ளே ஆர்என்ஏ, வெளியே புரத உறை. அந்த உறையின் அமிலத் தொகுதிகளும் அமீன் தொகுதிகளும் கரைசலின் பிஎச் (அமில-காரத்தன்மை) அளவுக்கேற்ப புரோட்டான்களை இழக்கவோ ஏற்கவோ செய்வதால், மொத்த மின்னூட்டமும் மாறுகிறது. அது சுழியாகும் பிஎச், எம்எஸ்2-க்கு 4-க்குச் சற்றுக் கீழே இருப்பதால், சாதாரணக் குடிநீரில் இந்த வைரஸ் எதிர்மின்னூட்டத்துடனேயே இருக்கும். நீர் சுத்திகரிப்பில் படிகாரம் வைரஸ்களைப் பிடித்து இறக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

துகளின் பருமனைக் கண்டறிய லேசர் ஒளிச் சிதறலைப் பயன்படுத்துகிறோம். சிதறிய ஒளி எவ்வளவு வேகமாக மினுக்குகிறது என்பதிலிருந்து துகள் நீரில் தானாக அலைந்து பரவும் வேகத்தையும் (விரவல்), அதிலிருந்து விட்டத்தையும் கணக்கிடலாம். இங்கே ஒரு பெரிய தொல்லை உண்டு: இவ்வளவு சிறிய துகள்கள் சிதறடிக்கும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் கூடுவதால், பத்து மடங்கு பெரிய ஒரே ஒரு திரளோ தூசியோ ஏறத்தாழ பத்து லட்சம் வைரஸ்களின் ஒளியை மறைத்துவிடும். ஆகவே வடிகட்டுவதில்தான் பாதி வேலை போகிறது. தவிர, இக்கணக்கு துகளை உருண்டையாகக் கருதுகிறது. 300 நானோமீட்டர் நீளமும் 18 நானோமீட்டர் தடிமனும் கொண்ட புகையிலைத் தேமல் வைரஸுக்கும் ஒற்றை விட்டத்தையே தந்துவிடும்.

மின்னூட்டத்தை அறிய, இரு மின்முனைகளுக்கிடையே மின்புலம் செலுத்தி, துகள் நகரும் வேகத்தை டாப்ளர் விலகலால், அதாவது அது சிதறடிக்கும் ஒளியின் அலைவெண் மாற்றத்தால், அளக்கிறோம். உப்பு மிகுந்த பஃபரில் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசலில்) மின்னோட்டம் எகிறி, கரைசல் சூடேறி, குமிழிகள் கிளம்பி, மின்முனை கறுத்துப்போவதுண்டு. அதற்காகவே பலர் உப்பைக் குறைத்து அளக்கிறார்கள்; ஆனால் உப்பை மாற்றினால் எண்ணும் மாறும். துகளின் மின்னூட்டத்துக்கு நேர்மாறான மின்னூட்டமுள்ள அயனிகள் அதைச் சூழ்ந்து அமைக்கும் திரை 1 மில்லிமோலார் உப்பில் ஏறத்தாழ 10 நானோமீட்டர் வரை பரவும். உடலிலுள்ள அளவு உப்பில் அது 1 நானோமீட்டருக்கும் கீழே சுருங்கி, துகளின் நகர்வும் மந்தமாகும். நீங்கள் பார்த்த எண்கள் ஒத்துப்போகாததற்கு முதன்மைக் காரணம் இதுவே.

கருவி திரையில் காட்டும் ஜீட்டா மின்னழுத்தத்தை (துகளின் பரப்பையொட்டிய மின்னழுத்தத்தை) நான் அப்படியே ஏற்பதில்லை. நகரும் வேகத்திலிருந்து அதைக் கணக்கிடும் வாய்ப்பாடு துகளின் பரப்பைக் கெட்டியானதாகக் கொள்கிறது. வைரஸ் உறையின் இடைவெளிகளிலோ நீரும் அயனிகளும் புகக்கூடும். எனவே நேரடியாக அளந்த மின்புல நகர்திறனையே (ஓரலகு மின்புலத்தில் துகள் நகரும் வேகத்தையே), பிஎச்சும் உப்பின் செறிவும் சேர்த்து, குறித்து வைக்கிறேன்.