அலைச்சறுக்குப் படங்களும் அவற்றின் இசையும்: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: 'தி எண்ட்லெஸ் சம்மர்' என்ற அலைச்சறுக்குப் படத்தை வீடியோ கேசட் தேயத் தேயப் பார்த்தவர் என் அப்பா. அவருடைய அறுபதாம் பிறந்தநாளுக்கு அந்தப் படத்தின் எல்பி ரெக்கார்டு வாங்கித்தர ஆசை. இணையத்தில் ஒருவர் "1966 ஒரிஜினல், விஜி கண்டிஷன்" என்று 12,000 ரூபாய் சொல்கிறார். வாங்கலாமா? (சென்னை வாசகி)

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். அப்பா போட்டுக் கேட்க வேண்டும் என்பதுதானே உங்கள் ஆசை? அதற்குப் புதிதாக அச்சிட்ட மறுபதிப்பே நல்லது.

முதலில் "ஒரிஜினல்" விஷயம். இந்த இசையை வாசித்தது தி சாண்டல்ஸ் என்ற கலிஃபோர்னியா இளைஞர் குழு. 1964இல் வேர்ல்ட் பசிஃபிக் கம்பெனி அவர்களுடைய ஆல்பத்தை 'ஸ்கிராம்ப்ளர்' என்ற பெயரில் வெளியிட்டது. 1966இல் படம் அமெரிக்கா முழுக்கத் திரைக்கு வந்து பேர் வாங்கியதும், அதே ஆல்பம் படத்தின் பெயரைத் தாங்கி மறுபடி வந்தது. ஒரே இசைக்கு இரண்டு உறைகள். விற்பவர் எதை ஒரிஜினல் என்கிறார், மோனோவா ஸ்டீரியோவா என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் பணத்தை எடுக்காதீர்கள்.

அடுத்தது அந்த "விஜி", அதாவது வெரி குட். ரெக்கார்டு விற்பவர்களின் தர வரிசையில் மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், அதற்கும் அப்புறம்தான் விஜி வரும். கீறல் கண்ணுக்கே தெரியும், சரசரப்பு காதில் விழும். டிக் டேல் மாதிரி ஆம்ப்ளிஃபயர் அதிர அதிர, மூச்சு விடாமல் கிடார் வாசிக்கிறவருடைய தட்டு என்றால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தச் சத்தத்தில் எல்லாம் அமுங்கிவிடும். சாண்டல்ஸின் இசை அப்படியல்ல. நிதானமாக, அவசரமே இல்லாமல் போகிற கிடார். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே இடம் விட்டு வாசித்திருப்பார்கள். அந்த இடைவெளியில்தான் சரசரப்பு வந்து உட்காரும். அப்பா இத்தனை வருடமாக மனதில் வைத்திருக்கும் இசை இப்படித் திரும்பி வரக்கூடாது.

பழைய தட்டுதான் வேண்டும் என்று மனது கேட்டால் விஜி பிளஸுக்குக் கீழே போகாதீர்கள். தட்டைச் சாய்த்துப் பிடித்து, விளக்கு வெளிச்சம் மேலே விழும்படி இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேராக எடுத்த படத்தில் கீறல் தெரியாது. நடு லேபிளுக்குப் பக்கத்தில், பள்ளம் முடிகிற இடத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் கேளுங்கள். எந்த அச்சு என்பதற்கு உறையைவிட அதுதான் நம்பகமான சாட்சி.

இணைய வழியில் இந்திய விற்பனையாளரிடம் வாங்கி, சொன்ன தரத்தில் தட்டு வரவில்லை என்றால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் உங்களுக்குத் துணை. விற்பனையாளரின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் தன் வீட்டில் இருந்த ஒரே ஒரு தட்டை விற்கும் தனி ஆளிடம் வாங்கினால் இந்த விதிகள் செல்லாது. அதனால் விற்பவர் கடைக்காரரா, தனி ஆளா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இங்கே ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. பண்டிட் ரவிசங்கரின் இசையை அமெரிக்காவில் வெளியிட்டதும் இதே வேர்ல்ட் பசிஃபிக் கம்பெனிதான். 'எண்ட்லெஸ் சம்மர்' இயக்குநர் புரூஸ் பிரவுனின் முதல் அலைச்சறுக்குப் படத்துக்கு 1958இல் இசை தந்த ஜாஸ் கலைஞர் பட் ஷாங்க், 1962இல் ரவிசங்கரின் ஆல்பத்தில் புல்லாங்குழல் வாசித்திருக்கிறார். அப்பாவுக்கு சிதார் பிடிக்கும் என்றால், மறுபதிப்பு வாங்கி மிச்சமாகும் பணத்தில் அந்த ஆல்பத்தையும் சேர்த்து வாங்குங்கள். இரண்டும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டியவை.

படத்தையும் அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள். அது உலகம் சுற்றும் படமாக ஆனதே டிக்கெட் விலையால்தான். தென்னாப்பிரிக்காவுக்குப் போய்த் திரும்புவதைவிட உலகத்தையே சுற்றி வருவது 50 டாலர் மலிவு என்று பயண ஏஜெண்ட் சொல்லியிருக்கிறார். மைக் ஹின்சன், ராபர்ட் ஆகஸ்ட் என்ற இரண்டு இளைஞர்களோடு பிரவுன் கிளம்பிவிட்டார். பேரப்பிள்ளைகளும் கூட இருந்தால் ஒரு விஷயம்: ஆப்பிரிக்கப் பகுதிகளில் அங்குள்ள மக்களைப் பற்றிய வர்ணனை இன்றைக்குக் கேட்கச் சங்கடமாக இருக்கும். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் அலைகளைத் தேடிப் போனவர்கள், அந்த ஆட்சியைக் கண்டித்து எதுவும் சொல்லவில்லை. அதைப் பிள்ளைகளிடம் நாம்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: 'மார்னிங் ஆஃப் தி எர்த்' படத்தின் டிஸ்க்கை ஆஸ்திரேலியாவில் இருக்கும் மைத்துனர் வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். இங்கே ஓடுமா? (மதுரை வாசகர்)

பதில்: அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்து டிஸ்க் வேறு மண்டலத்துப் பிளேயரில் ஓடாதபடி செய்திருப்பார்கள். டிவிடி என்றால் ஆஸ்திரேலியா 4ஆம் மண்டலம், இந்தியா 5. ப்ளூ-ரே என்றால் அவர்களுக்கு பி, நமக்கு சி. உங்கள் பிளேயர் எல்லா மண்டலத்தையும் ஏற்பதாக இருக்க வேண்டும், அல்லது டிஸ்க்கில் "எல்லா மண்டலமும்" என்று போட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஓடாது. பிஏஎல், என்டிஎஸ்சி என்ற பழைய டிவி முறைகளைப் பற்றிக் கவலை வேண்டாம், இரண்டு நாட்டிலும் பிஏஎல்தான்.

பார்சலுக்குப் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துச் சுங்கவரி போடுவார்கள், அதற்கு மேல் ஜிஎஸ்டி. கூரியர் கம்பெனி தன் பங்குக்கு ஒரு கட்டணம் கேட்கும். "அன்பளிப்பு" என்று எழுதினால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 5,000 ரூபாய் வரை இருந்த அந்தச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. மைத்துனர் ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதுதான் சிக்கனம்.

நல்ல தேர்வு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1972இல் வந்த இந்தப் படத்தில் பேச்சே கிட்டத்தட்டக் கிடையாது, பாட்டுதான் கதை சொல்லும். ஆஸ்திரேலியாவில் தங்கத்தட்டு விருது வாங்கிய முதல் படப்பாடல் ஆல்பம் இதனுடையது. பாலித் தீவின் உலுவாட்டு அலைகளை உலகத்துக்குக் காட்டியதும் இந்தப் படம்தான்.

இதே வரிசையில் 'கிரிஸ்டல் வாயேஜர்' வாங்குவதாக இருந்தால் கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள். பழைய படங்கள் டிஸ்க்கில் வரும்போது, உரிமை கிடைக்காத பாட்டை எடுத்துவிட்டு வேறு இசை போட்டுவிடுவது உண்டு. இந்தப் படத்தின் உயிரே கடைசி 23 நிமிடம்: பிங்க் ஃபிளாய்டின் 'எக்கோஸ்' ஒலிக்க, சுருண்டு விழும் அலையின் குழாய்க்குள் இருந்து எடுத்த காட்சிகள். அந்தப் பாட்டு இருக்கிறது என்று விற்பவர் எழுத்தில் சொன்னால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: 'எண்ட்லெஸ் சம்மர்' போஸ்டர் அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கோவை வாசகர்)

பதில்: ஜான் வான் ஹேமர்ஸ்வெல்ட் 1964இல் வரைந்தது அது. அளவை முதலில் பாருங்கள். 24க்கு 36 அங்குலம் என்றால் பெரும்பாலும் இன்றைய கடை அச்சு. அறுபதுகளில் அமெரிக்கத் தியேட்டர் போஸ்டர் 27க்கு 41 அங்குலம், மடித்துத்தான் அனுப்புவார்கள், மடிப்புக் கோடு இருக்கும். அப்புறம் ஒரு பூதக்கண்ணாடி. ஆரஞ்சு நிறப் பரப்பில் வைத்துப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பல நிறத்தில் பொடிப்பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால நகல். அசலில் ஒளிரும் மை ஒரே பூச்சாக இருக்கும்.

எதை வாங்கினாலும் வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். ஒளிரும் மைதான் முதலில் வெளுக்கும்.