ஆளுநருக்கு அமைச்சர்கள் அறிக்கை தர வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் கலிபோர்னியாவில் மாநில அரசுத் துறை ஒன்றில் வேலை செய்கிறாள். துறைச் செயலர்கள் தங்கள் துறையில் நடப்பதை ஆளுநர் அலுவலகத்துக்கு ஒழுங்காக எழுதி அனுப்புவது அங்கே வழக்கம் என்கிறாள். நம் அமைச்சர்களும் மாதந்தோறும் ஆளுநருக்கு நேரடியாக அறிக்கை கொடுத்தால் நிர்வாகம் சீர்படாதா? திவான் மகாராஜாவுக்கு ஆண்டறிக்கை எழுதிய திருவிதாங்கூரின் பகுதிதானே நம் மாவட்டம்?

வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

கலிபோர்னியாவின் ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நிர்வாகத் தலைவர். துறைச் செயலர்களை நியமிப்பவர் அவர். அதிகாரிகளிடமிருந்து அவர்கள் பணி குறித்த தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையை அம்மாநில அரசியலமைப்பே அவருக்குத் தந்திருக்கிறது. ஆகவே அவரை நம் முதலமைச்சரோடுதான் ஒப்பிட வேண்டும், கிண்டியில் இருக்கும் ஆளுநரோடு அல்ல.

திருவிதாங்கூர் உதாரணம் நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிரானதைச் சொல்கிறது. ஊர் அளவில் வரி வசூலைப் பார்த்த பார்வத்தியக்காரர் தாசில்தாருக்கும், தாசில்தார் கோட்டத் தலைவரான பேஷ்காருக்கும், பேஷ்கார் திவானுக்கும் எழுத, நிலவரி, உப்பு, காடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று துறைவாரியாகக் கொல்லம் ஆண்டுக் கணக்கில் நிர்வாக அறிக்கை அச்சாயிற்று. அதை மகாராஜா மட்டும் படிக்கவில்லை. சமஸ்தானத்தில் இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதியான ரெசிடெண்ட் வழியாகச் சென்னை அரசுக்கும் அது போயிற்று, அங்கிருந்து அதன்மேல் கருத்துரையும் வந்தது. மேலே இருந்த பேரரசுக்குச் சமஸ்தானம் கணக்குச் சொன்ன ஏற்பாடு அது. மத்திய அரசின் பரிந்துரையில் நியமிக்கப்படும் ஆளுநருக்கு நம் அமைச்சர்கள் மாதந்தோறும் அறிக்கை எழுதினால், ரெசிடெண்டின் நாற்காலியைத்தான் மீண்டும் போடுகிறோம் என்பது என் எண்ணம்.

அதற்காக ஆளுநருக்கு எதுவுமே தெரியக்கூடாது என்று பொருளில்லை. அரசியலமைப்பின் 167-ஆவது பிரிவு முதலமைச்சருக்கு மூன்று கடமைகளை வைக்கிறது: அமைச்சரவையின் முடிவுகளையும் சட்ட முன்மொழிவுகளையும் ஆளுநருக்குத் தெரிவிப்பது, அவை குறித்து ஆளுநர் கேட்கும் தகவலைத் தருவது, அமைச்சரவை கூடிப் பேசாமல் ஓர் அமைச்சர் தனியாக எடுத்த முடிவை, ஆளுநர் கோரினால், அமைச்சரவையின் முன் வைப்பது. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. அரசு ரப்பர் கழகத்தின் நிலம் பற்றி ஓர் அமைச்சர் தனியே ஒரு முடிவெடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதை எல்லா அமைச்சர்களும் உட்கார்ந்து பரிசீலிக்கட்டும் என்று ஆளுநர் சொல்லலாம். ரத்துசெய்ய அவரால் முடியாது. இந்த மூன்றிலும் கடமை முதலமைச்சருக்கே உரியது, அமைச்சருக்கோ செயலருக்கோ அல்ல.

இந்த வழியைத் தாண்டியபோதெல்லாம் தகராறு வந்திருக்கிறது. 2017 நவம்பரில் ஆளுநர் பன்வாரிலால் புரோகித் கோவையில் அதிகாரிகளை நேரில் அழைத்துப் பேசியதை எதிர்க்கட்சிகள் கண்டித்தன. 2021 அக்டோபரில், அரசுத் திட்டங்களை ஆளுநருக்கு விளக்கத் தயாராக இருக்கும்படி தலைமைச் செயலர் துறைச் செயலர்களுக்கு எழுதிய கடிதம் வெளியே வந்து சர்ச்சையாயிற்று. அது வழக்கமான அலுவல் நடைமுறை என்று அவர் விளக்கம் தர வேண்டியிருந்தது.

மறுபக்கமும் உண்டு. பஞ்சாபில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களைச் சிங்கப்பூர்ப் பயிற்சிக்கு எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அப்போது அங்கே ஆளுநராக இருந்த அதே புரோகித் கேட்டபோது, தாம் பஞ்சாப் மக்களுக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று முதலமைச்சர் பதிலளித்தார். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கேட்ட தகவலைத் தருவது முதலமைச்சரின் அரசியலமைப்புக் கடமை என்று சொன்னதோடு, அமைச்சரவையின் ஆலோசனைப்படி சட்டமன்றத்தைக் கூட்டுவதும் ஆளுநரின் கடமை என்றது. இருவருக்குமே கொட்டு விழுந்தது!

நீங்கள் விரும்பும் ஒழுங்கான துறை அறிக்கை நம்மிடம் இல்லாமல் இல்லை. அமைச்சரவை கூட்டாகச் சட்டமன்றத்துக்குப் பொறுப்பு என்பதால் அது அங்கே போகிறது. மானியக் கோரிக்கை விவாதத்தின்போது ஒவ்வொரு துறையின் கொள்கை விளக்கக் குறிப்பும் அவையில் வைக்கப்படுகிறது, இணையத்திலும் கிடைக்கிறது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களைப் பற்றி உங்களுக்குக் கேள்வி இருந்தால், மீன்வளத் துறையின் குறிப்பை முதலில் படித்துவிட்டு, அதில் இல்லாததை உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள்.