அத்தியில் விண்பதியம்: வேர் ஏன் வரவில்லை?

கேள்வி: காட்பாடியில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு சீமை அத்தி நிற்கிறது. தங்கைக்கு ஒரு கன்று கொடுக்கலாம் என்று சித்திரையில் நான்கு கிளைகளில் விண்பதியம் கட்டினேன்; அதாவது, கிளையை வெட்டாமல் மரத்திலேயே பட்டையை உரித்து, ஈர நார்க்கழிவைச் சுற்றி வேர்விட வைக்கும் முறை. இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் ஒன்றில்கூட வேர் இல்லை. இரண்டில் உரித்த இடத்தைப் பட்டை மூடிவிட்டது. மற்ற இரண்டில் தென்னை நார்க்கழிவு காய்ந்து பொடியாகக் கிடந்தது. எங்கே தவறினேன்?

பதில்: மனம் தளராதீர்கள். அத்தி எளிதில் வேர்விடும் மரம்தான். முதல் இரண்டில் தவறு கத்தியில், அடுத்த இரண்டில் மாதத்தில்.

இலை தயாரிக்கும் சத்து பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். பட்டையை வளையமாக உரித்தால் அது மேல்விளிம்பில் தேங்கும். வேர் புறப்படுவதும் அங்கிருந்துதான். தண்ணீர் உள்கட்டை வழியாக ஏறுவதால் கிளை வாடாது. ஆனால் பட்டையை உரித்ததும் கட்டைமேல் வழுவழுப்பாக ஒரு பச்சைப் படலம் இருக்கும். அதைச் சுரண்டாமல் விட்டால் பட்டை மறுபடி வளர்ந்து கூடிவிடும், சத்தும் பழையபடி இறங்கிவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

பென்சில் முதல் கட்டைவிரல் தடிமன் வரையுள்ள, போன வருடம் வளர்ந்த கிளையை எடுங்கள். ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை உரித்து, வெள்ளைக் கட்டை தெரியும்வரை சுரண்டுங்கள். வடியும் பாலை ஈரத்துணியால் துடையுங்கள். அந்தப் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் போடும், அதனால் கையுறை அவசியம். வேர் ஊக்கிப் பொடி இருந்தால் மேல்விளிம்பில் தடவலாம், இல்லாவிட்டாலும் அத்திக்குப் பாதகமில்லை.

நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசி உப்பைப் போக்குங்கள். பிறகு கையால் இறுகப் பிழியுங்கள். சொட்டக் கூடாது, ஈரம் மட்டும் நிற்க வேண்டும். மேல்விளிம்பு நடுவில் வருமாறு இரண்டு கைப்பிடி வைத்து, கண்ணாடி பாலிதீனால் சுற்றி, இரு முனையையும் காற்றுப் புகாமல் சணலால் இறுக்குங்கள்.

சரி, மாதம்? சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் பாலிதீனுக்குள் இருப்பது வெந்துவிடும். ஆடியில் மாலை மழை தொடங்கியதும் கட்டுங்கள். அப்போதும் வெயில் படும் பக்கத்தில் பழைய பருத்தித்துணி ஒன்றைச் சுற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊசி போடும் சிரிஞ்சால் தண்ணீர் ஏற்றலாம்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் வெள்ளை வேர்கள் தெரியும். அவசரப்பட்டு வெட்டாதீர்கள். வேர் நாலாபக்கமும் பரவிப் பழுப்பேறத் தொடங்கட்டும். அப்புறம் கட்டுக்குக் கீழே வெட்டி, பாதி இலைகளைக் கிள்ளி, உருண்டை உடையாமல் செம்மண்ணும் மணலும் மட்கிய எருவும் கலந்த தொட்டியில் நடுங்கள். பாலிதீனைக் கழற்ற மறக்காதீர்கள். மூன்று வாரம் நிழலில் இருக்கட்டும். ஐப்பசி அடைமழையில் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் இளவேர் அழுகும், தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தை பிறந்ததும் தங்கை வீட்டு மண்ணில் நடலாம்.