இருபக்க பிளேடு ரேசரில் ஷேவ் செய்யப் பழகுவது எப்படி? முதல் நாளே கழுத்தில் மூன்று வெட்டு. பழைய ரேசருக்கே திரும்பிவிடலாமா?

திரும்ப வேண்டாம். நான் பெண், எனக்குத் தாடி கிடையாது. ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. நான்கு வருடமாக வாரத்தில் மூன்று நாள் அப்பாவுக்கு நான்தான் சவரம் செய்துவிடுகிறேன், இதே இருபக்க பிளேடு ரேசரில். அவருக்குப் பார்க்கின்சன், அதாவது நடுக்குவாத நோய்.

கேள்வியைப் படித்தால் இங்கே சிங்கப்பூரில் கட்டாயத் தேசிய சேவைக்குப் போகிற வயதுப் பையன் போலத் தெரிகிறது, அதனால் தம்பி என்றே சொல்கிறேன். ஐந்து பிளேடு ரேசரில் பழகிய கையோடு இதை எடுத்திருப்பீர்கள். கழுத்துக்கு வந்ததும் அழுத்தி இழுத்திருப்பீர்கள். நானும் முதல் நாள் அதையேதான் செய்தேன், அதுவும் இன்னொருவர் கழுத்தில்.

அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அவருடைய ரேசர் சிராங்கூன் சாலையில் வாங்கியது. அடியில் திருகினால் தலை இரண்டு கதவு மாதிரித் திறக்கும். அதை அவர் கழுவுதொட்டி விளிம்பில் தட்டும் சத்தத்தில்தான் சின்ன வயதில் நாங்கள் கண்விழிப்போம். கை நடுங்கத் தொடங்கியதும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஐந்து பிளேடு ரேசர் வாங்கிக் கொடுத்தோம். ஒரே மாதத்தில் கழுத்தெல்லாம் சிவப்புக் கொப்புளம். அந்த வகை ரேசரில் முதல் பிளேடு முடியை இழுத்துத் தூக்கும், பின்னால் வருவது வெட்டும். வெட்டுப்பட்ட முடி தோலுக்கு அடியில் போய்விடும். நம் ஆட்களில் பலருக்குச் சுருட்டை முடி. அது திரும்ப வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்தும். ஒற்றை பிளேடு தோல்மட்டத்தோடு வெட்டிவிட்டுப் போய்விடும்.

மின்சார ரேசர் இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். வாங்கிப் பார்த்தோம். இரண்டு நாள் வளர்ந்த முடியை அது பிடுங்கியது, அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மின்சார ரேசர்தான் சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அப்பாவுக்கு அந்த மருந்து கிடையாது. மருத்துவரிடம் கேட்ட பிறகுதான் நான் ரேசரைக் கையில் எடுத்தேன்.

முதல் நாள் ஒரு சனிக்கிழமை. சமையலறை ஜன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக விழும், அங்கே அப்பாவை உட்கார வைத்து, எதிரே நான் முக்காலியில் உட்கார்ந்தேன். காலை மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அவருக்கு நடுக்கம் குறையும், அந்த நேரமாகப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். வெந்நீரில் பிழிந்த துண்டை முகத்தில் வைத்தேன், அப்புறம் பிரஷ்ஷால் நுரை. கன்னம் ஒழுங்காகப் போனது. தாடைக்குக் கீழே முடி போகாததால் கொஞ்சம் அழுத்தினேன். நுரைக்குள் ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. நிமிர்ந்து பார்த்தால் அப்பா முகத்தில் ஒன்றுமே இல்லை. இந்த நோயில் முகத் தசை இறுகிப்போகும், முகத்தைப் பார்த்தால் வலியும் தெரியாது, சிரிப்பும் தெரியாது. அவருக்கு வலித்ததா என்றே எனக்குத் தெரியவில்லையே என்று கை உதறிவிட்டது. படிகாரக் கல்லை நனைத்து வைத்ததும் ரத்தம் நின்றது. "இனிமே வேண்டாம்ப்பா" என்று ரேசரைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் குரலும் அதற்குள் சன்னமாகிவிட்டிருந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனேன். "அமுக்காதம்மா. அதோட கனமே போதும். சத்தத்தைக் கேளு" என்றார்.

தம்பி, எனக்குத் தெரிந்த மொத்த வித்தையும் அதுதான். கைப்பிடியைப் படுக்கைவாட்டில் நீட்டிப் பிடித்து, ரேசரின் மேல்மூடி மட்டும் கன்னத்தில் படும்படி வையுங்கள். மெதுவாகக் கைப்பிடியைக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் பிளேடு முடியைப் பிடிக்கும். தோலுக்கும் பிளேடுக்கும் ஏறக்குறைய 30 டிகிரி சாய்வு வருவது அங்கேதான். சரியாக இருந்தால் நகத்தால் உப்புத்தாளை வருடுவது போல 'சர் சர்' என்று கேட்கும். சத்தமே இல்லையென்றால் நுரைதான் வழிகிறது. கரகரவென்று சுரண்டினால் கைப்பிடி அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், அப்போதுதான் நன்றாகக் கேட்கும்.

இழுப்பு ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். மற்றொரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஷேவ் செய்வதற்கு முந்தின இரவே கழுத்தை விரலால் தடவி, முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று பார்த்து வையுங்கள். அப்பாவுக்கு இடது கழுத்தில் முடி காதைப் பார்த்து வளரும், நான் முதல் நாள் அங்கே மேலிருந்து கீழே இழுத்ததும் ஒரு தவறு. எதிர்த் திசையில் வழிப்பதை முதல் மாதம் நினைக்கவே வேண்டாம். இப்போதெல்லாம் அப்பாவின் கை என் முழங்கால் மேல் இருக்கும், எரிந்தால் ஓர் அழுத்து அழுத்துவார்.

ரேசருக்கு நிறையச் செலவு செய்ய வேண்டியதில்லை. கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய அடிப்படை அமைப்புதான் இன்றும். அப்பாவின் பழைய ரேசருக்கு நான் முஸ்தபா கடையில் வாங்கும் புது பிளேடு அப்படியே பொருந்துகிறது, ஒரு பெட்டி சில வெள்ளிதான். ஜப்பான் ஃபெதர் பிளேடு ரொம்பக் கூர்மை, கை பழகிய பிறகு வாங்குங்கள். நான்கைந்து சவரத்துக்கு ஒருமுறை பிளேடை மாற்றிவிடுங்கள்.

பெண் பிள்ளை அப்பா கழுத்தில் கத்தி வைக்கலாமா என்று கேட்ட சொந்தக்காரர்கள் உண்டு. பெர்த்தில் இருக்கும் அண்ணன் வீடியோ அழைப்பில் "அப்பா ஏன் தாடியோட இருக்கார்?" என்பார். அந்த வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்கு அலைந்தது அவருக்குத் தெரியாது. ஏழு வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்க் குடியுரிமையுள்ள பிள்ளை இருந்தால் வருடத்துக்கு 6 நாள் விடுப்பு சட்டத்திலேயே இருக்கிறது. அப்பாவுக்காக நான் எடுத்த அத்தனை நாளும் என் சொந்த வருடாந்திர விடுப்பு. நான்கு வருடமாக ஊருக்குக்கூடப் போகவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எங்காவது சொல்லியாக வேண்டியிருந்தது.

ஒன்று மறந்துவிட்டேன். பழைய பிளேடை அப்படியே அடுக்குமாடிக் குப்பைத் துளையில் போடாதீர்கள், கீழே அள்ளுகிறவர் கை கிழியும். காலி மைலோ டின் மூடியில் ஒரு கீறல் போட்டு, அதற்குள் சேர்த்து வையுங்கள். இப்போதைக்கு அந்த மூன்று வெட்டும் ஆறட்டும். ஆறிய பிறகு முதல் வாரம் கன்னத்தில் மட்டும் செய்யுங்கள், கழுத்துக்குப் பழைய ரேசரே இருக்கட்டும்.