சூரமங்கலத்து வீட்டுக்கு இரண்டு விலைகள்: எதற்குச் சம்மதிப்பது?

சேலம் சூரமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மறைந்த தந்தையின் வீட்டை அவரும் இரண்டு தம்பிகளும் விற்க முடிவு செய்து, ரூ.90 லட்சம் என்று சொல்லி ஆறு மாதம் ஆகிறது. மனை 1,500 சதுர அடி. அதில் 900 சதுர அடியில், 27 ஆண்டுக்கு முன் காங்கிரீட் தளம் போட்டுக் கட்டிய வீடு. இப்போது இருவர் விலை கேட்டிருக்கிறார்கள். ஒருவர் வங்கிக் கடன் வாங்கி, 45 நாளில் ரூ.76 லட்சத்துக்குக் கிரயம் முடிப்பதாகச் சொல்கிறார். மற்றவர் ரூ.82 லட்சம் தருகிறார். ஆனால் முன்பணம் 2 லட்சம், கெடு 11 மாதம், பத்திரத்தில் 50 லட்சம் மட்டும் காட்ட வேண்டும் என்கிறார். எதை ஏற்பது, 76 லட்சத்தை உயர்த்திக் கேட்கலாமா என்பது கேள்வி.

முதலில் 90 லட்சம் என்ற தொகை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். உங்கள் தெருவில் காலி மனை சதுர அடி 4,000 ரூபாய்க்கு அண்மையில் கைமாறியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதன்படி நிலம் 60 லட்சம். அதே வீட்டை இன்று கட்டச் சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்தால் 19.80 லட்சம் ஆகும். ஆனால் கட்டிடத்தின் ஆயுளை 60 ஆண்டு என்று கொண்டால் மீதி இருப்பது 33 ஆண்டுதான் என்பதால், அதில் 55 சதவீதம், அதாவது ஏறத்தாழ 10.90 லட்சமே கட்டிடத்தின் மதிப்பு. போர்வெல், சுற்றுச்சுவர், மர அலமாரிகளுக்கு 3 லட்சம் சேர்த்தால் மொத்தம் 74 லட்சத்துக்கு அருகில் வருகிறது. அப்பா கட்டிய வீடு என்பதால் உங்கள் மூவருக்கும் அது எவ்வளவு பெறும் என்பதை நான் உணர்கிறேன்; வாங்குபவரால் அந்த மதிப்புக்குப் பணம் தர இயலாது. ஆகவே 76 லட்சம் குறைந்த விலை அன்று.

82 லட்சம் உண்மையில் எவ்வளவு என்பதையும் பிரித்துப் பார்ப்போம். 76 லட்சத்தை இன்னொருவரிடம் ஒன்பதரை மாதம் முன்பாகவே வாங்கி வங்கி வைப்பில் போட்டால், ஆண்டுக்கு 6.5 சதவீத வட்டி என்றாலும் ஏறத்தாழ 4 லட்சம் வரும். ஆக, வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடுகிறது. அதைவிடக் கவலை தருவது அந்தச் சிறு முன்பணமும் நீண்ட கெடுவும் சேர்ந்து வருவதுதான். இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் தாம் குடியேற வாங்குவதில்லை. கெடுவுக்குள் வேறு ஆளைப் பிடித்துக் கூடுதல் விலைக்குக் கைமாற்றப் பார்க்கிறார். ஆள் கிடைக்காவிட்டால் அவருக்குப் போவது 2 லட்சம். உங்களுக்கோ 11 மாதம் வீட்டை வேறு யாருக்கும் காட்ட முடியாமல் போகும், வழக்கு என்று வந்தால் இன்னும் நீளும்.

பத்திரத்தில் 50 லட்சம் காட்டுவது என்றால் மீதி 32 லட்சம் ரொக்கம். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கலாம். அந்த அபராதம் விற்கும் உங்கள் மேல்தான் விழும். தயவுசெய்து இதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

இனி, 76 லட்சக்காரரிடம் எப்படிப் பேசுவது? அவருடைய கையிருப்பை முதலில் கணக்கிடுங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியின் மதிப்பீடும் 76 லட்சமே என்றால் கடன் அதிகபட்சம் 60.80 லட்சம், மீதி 15.20 லட்சமும், முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதமாக 6.84 லட்சமும் அவர் கைப்பணம், ஆக 22.04 லட்சம். நீங்கள் 2 லட்சம் கூட்டிக் கேட்டால், வங்கி மதிப்பீடு அசையாதவரை, அந்த 2 லட்சமும் அதற்கான பதிவுச் செலவு 18,000-மும் முழுவதுமாக அவர் கையிலிருந்தே வர வேண்டும். ஐந்து லட்சம் கூட்டுங்கள் என்றால் அவர் பேசாமல் விலகிவிடுவது இதனால்தான்.

எனவே 78 என்று ஒருமுறை கேளுங்கள். 76-க்குக் கீழ் இறங்காதீர்கள். விலையில் அவர் அசையவில்லை என்றால், பத்து சதவீதம் முன்பணம், கெடு 45 நாளுக்கு மேல் இல்லை என்பதில் நீங்கள் அசையாதிருங்கள். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அது கட்டாயம். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் வாங்குபவர் ஒரு சதவீதம், அதாவது 76,000 ரூபாய், வரியாகப் பிடித்து உங்கள் மூவர் பான் எண்ணில் கட்டுவார். அது குறைவாகக் கிடைத்த பணம் அன்று, கணக்குத் தாக்கலில் ஈடு செய்யலாம்.

பேச்சுக்கு முன் மூன்று வேலைகள் உண்டு. வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். மூவரில் யார் பேசுவது, எது கடைசி விலை என்பதையும் வீட்டுக்குள்ளேயே முடிவு செய்யுங்கள். தம்பி ஒரு விலையும் அக்கா ஒரு விலையும் சொன்னால் தரகர் குறைந்ததைத்தான் எடுத்துக்கொண்டு போவார். மூன்றாவது, ஓதம்: சுவரில் ஈரக்கசிவு இருந்தால் ஆள் பார்க்க வருமுன் சரிசெய்துவிடுங்கள். அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டைப் பார்க்க வந்த அம்மையார், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழ்ச் சுவரை விரலால் தேய்த்தார். வெள்ளை உப்பு விரலில் ஒட்டியது. அதைக் கணவரிடம் காட்டினாரே தவிர ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள் வந்த விலை 3 லட்சம் குறைவாக இருந்தது. மாடியில் பெயர்ந்திருந்த தட்டோடுகளைச் சரிசெய்யவும் சுவரைப் பூசவும் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது.

ஒன்றை நீங்கள் இதுவரை செய்யவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது: பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரே கேட்கவில்லை. இரண்டு மனையும் சேர்ந்தால் அவருக்கு முகப்பு அகலமாகும் என்பதால், மற்ற எவரையும்விட அவருக்கே இந்த நிலம் கூடுதலாகப் பெறும். 76 லட்சக்காரருக்குச் சரி சொல்வதற்கு முன், இந்த வாரமே போய்க் கேளுங்கள்.