ஒரு புள்ளி என்ன விலை?

கேள்வி: என் பேத்தி அவிட்ட நட்சத்திரம். முதல் பிறந்தநாள் வருகிறது. வானத்தில் ஏதோ ஒரு புள்ளிக்கு அவள் பெயரைச் சூட்டி, பிரேம் போட்ட சான்றிதழும் வரைபடமும் அனுப்புவதாக இணையத்தில் ஒரு கம்பெனி விளம்பரம் செய்கிறது. 4,500 ரூபாயாம். வாங்கலாமா? நட்சத்திரங்களுக்கு உண்மையில் யார்தான் பெயர் வைக்கிறார்கள்?
– ஒரு தாத்தா, மாயவரம்

பதில்: வாங்காதீர்கள். அந்தச் சான்றிதழை எந்த வானியலாளரும் சீண்ட மாட்டார். உங்கள் கேள்விக்குப் பதில் முடிந்தது. இனி எனக்குப் பிடித்ததைப் பேசுகிறேன்.

'ஏதோ ஒரு புள்ளி' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த 'ஏதோ' எனக்கு வலிக்கிறது. புள்ளியால் அடிபட்டவன் நான். ஈய எழுத்துக் கோர்த்து அச்சடித்த காலத்தில் எங்கள் பத்திரிகையில் ஒரு கல்லூரிக்கு அரைப்பக்க விளம்பரம் வந்தது. 'சிறந்த கல்விக்கு எங்களை நாடுங்கள்.' புரூஃப் மூன்று முறை பார்த்தோம், புள்ளி இருந்தது. மெஷினில் ஏறி நூறு பிரதி ஓடுவதற்குள் 'ல்' எழுத்தின் தலையிலிருந்த புள்ளி உடைந்து எங்கோ போய்விட்டது. புள்ளி இல்லாமல் அந்த வாசகத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கல்லூரி நிறுவனர் தொலைபேசியில் வந்தார். அன்று அவர் என்னைப் பேசியதில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

ஓலைச்சுவடிக்காரர்கள் இந்த வம்பே வேண்டாம் என்று புள்ளியை விட்டுவிட்டார்கள். எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும். படிக்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டதில், பதிப்பாசிரியர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வேலை கிடைத்தது.

சரி, வானத்துக்கு வருகிறேன். அங்கேயும் ஒரு புள்ளி விழுந்திருக்கிறது, அதுவும் பெரிய இடத்தில். நாம் திருவாதிரை என்கிற சிவப்பு நட்சத்திரத்துக்கு மேற்கத்தியப் பெயர் பெட்டல்ஜியூஸ். அரபியில் அது 'யத் அல்-ஜவ்ஸா', அதாவது ஜவ்ஸா என்ற வானத்து உருவத்தின் கை. அரபு எழுத்தில் 'ய'வும் 'ப'வும் சொல்லின் தொடக்கத்தில் ஒரே மாதிரி ஒரு சின்னப் பல்தான். கீழே இரண்டு புள்ளி இருந்தால் 'ய', ஒன்று இருந்தால் 'ப'. எவரோ ஒரு புண்ணியவான் ஏட்டைப் பெயர்த்து எழுதும்போது ஒரு புள்ளியைக் கோட்டைவிட்டார். 'யத்' 'பத்' ஆகி, அப்படியே லத்தீனுக்குக் கப்பலேறியது. பின்னால் வந்த ஐரோப்பியப் பண்டிதர்களுக்கு 'பத்' என்றால் என்னவென்று புரியவில்லை. புரியவில்லை என்று ஒப்புக்கொண்டால் அப்புறம் என்ன பண்டிதர்? இது 'இப்த்' என்பதன் திரிபு, அக்குள் என்று பொருள் என எழுதி வைத்தார்கள். கை, அக்குளாகிவிட்டது.

நம் பக்கம் 'ஆதிரை'யை வடமொழி 'ஆர்த்ரா'விலிருந்து வந்தது என்பார்கள். ஆர்த்ரா என்றால் ஈரமானது. அங்கே அக்குள், இங்கே ஈரம். இரண்டையும் யாரும் கலந்து பேசிக்கொண்டு வைக்கவில்லை. (சிதம்பரத்து அன்பர்கள் கடிதம் எழுத உட்கார வேண்டாம். களி சாப்பிட்டு வளர்ந்தவன்தான் நானும்.) சர்வதேச வானியல் ஒன்றியம் 2016-இல் நட்சத்திரப் பெயர்களுக்கென ஒரு குழு அமைத்து அதிகாரபூர்வப் பட்டியல் போட்டபோது, பெட்டல்ஜியூஸ் அதே பிழையோடுதான் அதில் ஏறியது. ஒருவரும் திருத்தம் வெளியிடச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் நாலு இதழ் தொடர்ந்து வருத்தம் தெரிவிக்கச் சொன்னார்கள்.

அடுத்தது பெரும்புள்ளிகள். 1781 மார்ச் 13 அன்று இங்கிலாந்தின் பாத் நகரில், வீட்டுத் தோட்டத்தில் தொலைநோக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த வில்லியம் ஹெர்ஷெல் ஒரு புதிய கோளைக் கண்டார். பிழைப்புக்கு இசைக்கலைஞர், முதலில் அதை வால்நட்சத்திரம் என்றே நினைத்தார். கோள்தான் என்று உறுதியானதும் 'ஜார்ஜின் நட்சத்திரம்' என்று மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பெயரை வைத்தார். மன்னர் ஆண்டுக்கு 200 பவுண்டு மானியம் கொடுத்தார். இதை யாரும் விலை என்று சொல்லவில்லை, மரியாதை என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஜார்ஜ் பெயரைச் சொல்வார்களா? ஹெர்ஷெல் என்றே அழைத்தார்கள். ஜெர்மானிய வானியலாளர் போடே ஒரு கணக்குப் போட்டார். அவர்கள் புராணப்படி வியாழனுக்கு அப்பா சனி, சனிக்கு அப்பா யுரேனஸ், ஆகவே வரிசைப்படி இது யுரேனஸ். (கிரேக்கப் புராணத்தில் பிள்ளை அந்த அப்பாவை அரிவாளால் என்ன செய்தான் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.) ஆக, வானத்தில் ஜெயித்தது தாத்தாதான், நீங்கள் சந்தோஷப்படலாம். பிரிட்டிஷ் கடற்பயணப் பஞ்சாங்கம் மட்டும் 1850 வரை ஜார்ஜ் பெயரையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த விஷயத்தில் சிறுகோள் விதிகளைக் கண்டால் எனக்குக் கண்ணில் நீர் முட்டும். கண்டுபிடித்தவர் பெயரை முன்மொழியலாம், 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், விற்கக் கூடாது. அரசியலாலோ போராலோ பெயர் பெற்றவர் என்றால், அவர் செத்து 100 ஆண்டு ஆக வேண்டும். இந்த ஒரு விதியைத் தமிழ்நாட்டில் அமல்படுத்தினால் எத்தனை பேருந்து நிலையங்கள் பெயரில்லாமல் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். 16 எழுத்து நம் தலைவர்களின் பட்டத்துக்கே காணாது. மேலே சொன்ன கல்லூரி நிறுவனர் தண்ணீர்த் தொட்டிக்கும் சைக்கிள் கொட்டகைக்கும்கூடத் தன் பெயரை எழுதி வைத்திருந்தார். அதில் புள்ளிகள் சரியாக இருந்தன, நானே போய்ப் பார்த்தேன்.

காசு கொடுக்காமல் நம்மவர்கள் வானத்தில் ஏறியிருக்கிறார்கள். ஜவ்வாது மலைக் காவலூரில் 1988-இல் கண்டுபிடித்த 4130-ஆம் சிறுகோள் கணித மேதை ராமானுஜன் பெயரில் சுற்றுகிறது. அதே 1988-இல் ஜப்பானில் கண்டுபிடித்த 4538-க்கு 2015-இல் விஸ்வநாதன் ஆனந்தின் பெயர் வைத்தார்கள்.

இப்போது உங்கள் பேத்தியின் நட்சத்திரம். அவிட்டம் என்று நாம் சொல்லும் மீன்களை மேற்கே டெல்ஃபினஸ், டால்பின் கூட்டம் என்பார்கள். கிரேக்கக் கதைப்படி, கடல் தெய்வமான போசைடனுக்கு ஆம்பிட்ரைட் என்ற பெண் மேல் ஆசை. அவள் பிடிகொடுக்காமல் ஒளிந்துகொண்டாள். தேடிப்போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்தது டால்பின், அதற்குக் கமிஷனாக வானத்தில் இடம். அதாவது கல்யாணத் தரகர். அதே கூட்டத்தை நம் ஜோதிட நூல்கள் மத்தள வடிவம் என்கின்றன. சீனர்களோ அதில் ஒரு சுரைக்காயைப் பார்த்தார்கள், பக்கத்திலேயே ஒரு அழுகிய சுரைக்காயையும் பார்த்தார்கள். தரகர் வந்தாயிற்று, மேளம் வந்தாயிற்று, சமையலுக்குக் காய் இறங்கியாயிற்று, அதில் ஒன்று அழுகல் என்று பெண் வீட்டாரிடம் சண்டை பிடிக்க விஷயமும் கிடைத்தாயிற்று. அவிட்டத்தில் பிறந்தால் தவிட்டுப் பானையிலும் தங்கம் என்று உங்கள் வீட்டில் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். கல்யாணத்துக்கு அதுவும் ஆயிற்று.

அந்த அவிட்டத்தில் ஒரு திருட்டும் நடந்திருக்கிறது. சிசிலித் தீவின் பலெர்மோ வானாய்வகத்தில் இயக்குநர் பியாஸி. 1801 ஜனவரி முதல் நாள் முதல் சிறுகோளைக் கண்டுபிடித்தவர். அவரும் சளைத்தவர் இல்லை, அதற்குச் செரெஸ் தெய்வத்தின் பெயரோடு தன் மன்னர் ஃபெர்டினான்டின் பெயரையும் ஒட்டினார். மன்னர் பெயர் உதிர்ந்து செரெஸ் மட்டும் நின்றது. அவருடைய உதவியாளர் நிக்கோலோ கச்சாத்தோரே. 1814-இல் பலெர்மோ நட்சத்திரப் பட்டியல் வெளிவந்தபோது டெல்ஃபினஸில் இரண்டு நட்சத்திரங்களுக்கு சுவாலோசின் (Sualocin), ரோட்டனேவ் (Rotanev) என்ற புதுப் பெயர்கள். எந்த மொழி என்று எவருக்கும் விளங்கவில்லை. தாமஸ் வெப் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ரொம்பக் காலம் கழித்து லத்தீன் எழுத்துகளைப் பின்னாலிருந்து கூட்டிப் படித்தார். நிக்கோலாஸ் (Nicolaus), வேனேட்டர் (Venator). கச்சாத்தோரே என்றால் இத்தாலிய மொழியில் வேட்டைக்காரன், லத்தீனில் வேனேட்டர். உதவியாளர் தன் பெயரைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார்.

படித்ததும் என் உதவி ஆசிரியர்களை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தேன். குறுக்கெழுத்துப் போட்டியையும் வாசகர் கடிதத்தையும் தலைகீழாகப் படித்துப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது, தமிழ் இந்த விஷயத்தில் கெட்டிக்கார மொழி. 'முருகன்' என்று திருப்பினால் 'ன்கருமு'. மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்று இலக்கணம் வாசலிலேயே பிடித்துவிடும். ஆண்கள் பெரும்பாலும் இப்படித் தப்ப முடியாமல் புள்ளியில் முடிகிறவர்கள். பெண்கள் விஷயம்தான் கவனிக்க வேண்டியது. மாலாவைத் திருப்பினால் லாமா, திபெத்துக்குப் போய்விடலாம். கவிதாவைத் திருப்பினால் 'தாவிக', அடுத்து 'குதிக்க' என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது. ராதாவைத் திருப்பினால் தாரா. வடமொழியில் நட்சத்திரம், எங்கள் ஊரில் வாத்து. எவள் பெயராவது ராதாவாக இருந்து, வானத்தில் இடம் பிடிக்க எண்ணம் இருந்தால், இதைவிட வசதி அமையாது. விகடகவி என்று எவனாவது இருந்தால் அவன் பாடு திண்டாட்டம், எந்தப் பக்கம் படித்தாலும் மாட்டிக்கொள்வான்.

சுவாலோசினும் ரோட்டனேவும் அந்த 2016 பட்டியலில் முறைப்படி சேர்ந்துவிட்டன. மன்னருக்குக் கிடைக்காதது உதவியாளருக்குக் கிடைத்தது. நம் பரணியும் ரேவதியும்கூடப் பின்னால் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டன. யார் பெயர் வைக்கிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு ஒன்றியம் என்று சொல்லலாம்தான். ஆனால் ஒன்றியம் 1919-இல் பிறந்தது. அதற்கு முன்பே பாரியின் பறம்பு பற்றிப் பாடிய கபிலர் சனியை 'மைம்மீன்' என்கிறார், கரிய மீன். அவரிடம் எந்தக் குழுவும் ஒப்புதல் கேட்கவில்லை. அரசு உங்கள் ஊரை மயிலாடுதுறை என்று எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது, நீங்கள் இன்னும் மாயவரம் என்று கையெழுத்துப் போட்டுக் கேள்வி அனுப்புகிறீர்கள். என்னிடம் கேட்கிறீர்களே!

இன்னொன்று. நட்சத்திரத்தைப் பார்த்துக் குழந்தைக்குப் பெயர் வைக்கிற கூட்டம் நாம். நீங்கள் குழந்தையைப் பார்த்து நட்சத்திரத்துக்குப் பெயர் வைக்கக் கிளம்பியிருக்கிறீர்கள். பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டினால் யோகம் வரும் என்கிற எண்கணிதக்காரர்களோடு எனக்கு இருக்கும் பழைய கணக்கை இதில் சேர்த்தால் பக்கம் போதாது, அடுத்த இதழில் வைத்துக்கொள்கிறேன்.

புரட்டாசியில் மழை இல்லாத ஓர் இரவு, எட்டரை மணிக்குப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போங்கள். தெருவிளக்கு கண்ணில் அடிக்காத மூலையாக நில்லுங்கள். உச்சிவானத்தில் பளிச்சென்று தெரிவது திருவோணம். அதற்குக் கிழக்கே, கொஞ்சம் வடக்கே தள்ளி, மங்கலாக நாலு புள்ளி, வாலோடு கூடிய சின்னக் காற்றாடி மாதிரி. அதுதான் அவிட்டம். கழுத்து வலிக்கும், பாயை விரித்துப் படுத்தே பார்க்கலாம். செலவு கொசுவர்த்திச் சுருள் ஒன்று.

சான்றிதழ் இல்லாமல் உறவுக்காரர்கள் முன்னால் தலைகாட்ட முடியாது என்றால், எங்கள் அலுவலக லெட்டர்பேடில் நானே அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கட்டணம் ஓராண்டுச் சந்தா. ஓரிரு புள்ளி விடுபட்டிருந்தால் பேனாவால் வைத்துக்கொள்ளுங்கள்.