வீட்டுக்கு வீடு ஏசி வந்துவிட்ட பிறகு தெருவில் மரம் எதற்கு?

எங்கள் தெரு இஸ்திரிக்காரரை வைத்துத்தான் இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

சென்னையில் எங்கள் தெருமுனையில் ஒரு குல்மோகர் மரம் நின்றது. அதனடியில் அவருடைய தள்ளுவண்டி. அதே நிழலில் இரண்டு மூன்று ஆட்டோக்கள் நிற்கும்; கீரைக்கார அம்மா கூடையை இறக்கிவைத்து மூச்சு வாங்குவார். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் அந்த மரம் வேரோடு சாய்ந்தது. அடுத்த கோடையில், கரிப்பெட்டியின் சூட்டோடு தலைக்குமேல் வெயிலையும் தாங்க முடியாமல், அவர் காலை பத்தரைக்கே கடையைக் கட்டினார். மாலை ஐந்துக்கு மேல்தான் திரும்ப வருவார். பாதி நாள் பிழைப்பு போயிற்று. ஆட்டோக்களும் வேறு தெருவுக்குப் போய்விட்டன.

ஏசி வெப்பத்தை அழிப்பதில்லை. அறையிலிருந்து எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. அங்கே நிற்பவர் அந்த இஸ்திரிக்காரர். தார்ச்சாலையும் கான்கிரீட் சுவரும் பகலில் குடித்த வெயிலை இரவிலும் கக்கிக்கொண்டிருக்கும். மரமோ வெயிலைச் சாலையில் விழவிடாமல் தடுக்கிறது; வேர் உறிஞ்சிய நீரை இலைவழியே ஆவியாக்கும்போது சுற்றியுள்ள வெப்பத்தையும் எடுத்துக்கொள்கிறது.

வர்தாவில் குல்மோகர், பெருங்கொன்றை போன்ற மரங்கள் ஏராளமாக விழுந்தன. வலுவற்ற மரங்கள் என்று எல்லோரும் அவற்றைத் திட்டினார்கள். ஆனால் எங்கள் மரம் விழுந்த குழியை நான் எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் வேரே இல்லை. கேபிள் புதைக்கத் தோண்டியவர்கள் வெட்டியெறிந்த தடம் மட்டும் இருந்தது. மறுபக்கம் அடிமரம்வரை சிமெண்ட். மழைநீர் இறங்க வழியில்லை, வேர் பிடிக்க மண்ணில்லை. அப்படி நிறுத்திவைத்தால் எந்த மரம் நிற்கும்? நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

2017இல் அதே இடத்தில் புங்கங்கன்று நட்டோம். புங்கை நம் மண்ணின் மரம். கோடை தொடங்கும்போது இலையுதிர்த்து, உடனே தளிர்த்து, கத்திரி வெயிலுக்குள் அடர்ந்துவிடும். எந்த மாதத்தில் நிழல் வேண்டுமோ அந்த மாதத்தில் தரும்.

கன்றுக்கு முதல் இரண்டு கோடை குடத்தில் நீர் ஊற்றினோம். நடைபாதை போட வந்தவர்கள் தண்டைச் சுற்றி சிமெண்ட் பூசப் போனபோது, மூன்றடி மண்ணை விடச் சொல்லி அரைநாள் மல்லுக்கு நின்றோம். விட்டார்கள்.

இந்தச் சித்திரையில் ஒருநாள் மதியம் இரண்டு மணிக்கு அந்தப் பக்கம் போனேன். இஸ்திரிக்காரர் மரத்தடியில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஓர் ஆட்டோ, பின்சீட்டில் ஓட்டுநர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.